ஒன்பதாம் மாத ஊசி

அன்புள்ள மகளுக்கு,

பாம்பனில் எல்லாரும் சுகம். காற்று பலமாக இருப்பதால் அப்பா கடலுக்குப் போகவில்லை. அவர் பக்கத்தில் நின்று சத்தம் போட்டதில்தான் நேற்று போனில் உன்னோடு ஒழுங்காகப் பேச முடியவில்லை.

மணல்வாரி என்கிற தட்டம்மையும் ரூபெல்லா நோயும் வராமல் இருக்க, பிள்ளைக்கு ஒன்பதாம் மாத ஊசி போடவா வேண்டாமா என்று நீயும் மாப்பிள்ளையும் யோசிப்பதில் தப்பே இல்லை. பெற்றவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

ஊசியால் ஆட்டிசம் வரும் என்று மாப்பிள்ளைக்கு வந்த வாட்ஸ்அப் பழைய சரக்கு. 1998இல் லண்டன் டாக்டர் ஒருவர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில் கிளம்பியது. 2010இல் அதை வெளியிட்ட மருத்துவப் பத்திரிகையே கட்டுரையை வாபஸ் வாங்கியது. அவர் டாக்டராகத் தொழில் செய்யும் உரிமையும் போயிற்று. பிறகு டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைப் பார்த்தும் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு கிடைக்கவில்லை.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க 15 வயது வரை இந்த ஊசியைப் போட்டபோதும் வதந்திக்குக் குறைவில்லை. எங்கள் அங்கன்வாடி வாசலில் தாய்மார் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்காமல் நின்றார்கள். நர்ஸம்மா யாரையும் திட்டவில்லை. ஐஸ் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். அதில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். மருந்து சூடுபட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும்; வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். நீயும் காட்டச் சொல்லிக் கேள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தால்தான் என்ன?

மணல்வாரியை நீ பார்த்ததில்லை. உன் பெரியத்தைக்குக் காது கேட்காமல் போனது அதில்தான். வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றினதும் சரியாகிவிட்டது என்றார்கள். காதில் சீழ் மட்டும் நிற்கவே இல்லை. நோய் கண்ட பிள்ளை எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் கிருமி இருக்கும். ரூபெல்லா பிள்ளையை லேசாகத்தான் படுத்தும், ஆனால் மாசமாக இருப்பவளைத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையின் கண், காது, இதயம் எல்லாவற்றையும் கெடுக்கும். உன் கீழ்வீட்டுப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றாயே, அவளையும் நினைத்துக்கொள்.

ஊசி போட்டதும் கிளம்பிவிடாதே, அரை மணி நேரம் அங்கேயே உட்கார். பெரிய ஒவ்வாமை மிக மிக அபூர்வம், வந்தாலும் அங்கேயே பார்த்துவிடுவார்கள். ஒரு வாரம் பத்து நாள் கழித்து லேசான காய்ச்சலோ மேலெல்லாம் பொரியோ வரலாம், அதற்குப் பயப்படாதே. முந்தின ஊசி எதற்காவது ஒவ்வாமை வந்திருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடு. மாப்பிள்ளையையும் கூட்டிப் போ, அவர் கேள்விகளை அவரே கேட்கட்டும்.

அப்புறம், தடுப்பூசி அட்டையைத் தொலைத்துவிடாதே. இரண்டாம் தவணை 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள். அந்தச் சமயம் ஊருக்கு வந்தால் இங்கேயே ஒரு புதன்கிழமை போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா