எது டூப்ளிகேட் என்று சொல்லியே விற்கலாமே: தருமபுரி, கிருஷ்ணகிரி இருசக்கர வாகன உதிரிபாகக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கடைக்காரர்களுக்கு, வணக்கம்.

நான் மெக்கானிக் இல்லை. பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் மாந்தோப்பும் கொஞ்சம் தக்காளியும் வைத்துப் பிழைக்கிறவன். அப்பா 1992இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100, ஆறு வருடமாக ராகி மூட்டைகளுக்குப் பின்னால் சாக்கு போர்த்தி நின்றுகொண்டிருந்தது. போன தை மாதம் அதன் எஞ்சினை வீட்டிலேயே பிரித்துக் கட்டுவது என்று இறங்கினேன். பழைய பிஸ்டனைத் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிய ஆளை உங்களில் ஏழெட்டுப் பேருக்காவது நினைவிருக்கும். அவன்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் வேலை நன்றாகவே நடந்தது. ஜப்பான் வண்டித் திருகுகளின் தலையில் இருக்கும் கூட்டல் குறி அந்த நாட்டுத் தர அளவில் வெட்டியது. நாம் சாதாரணமாக வைத்திருக்கும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் சரியாக உட்காராது என்பது, இரண்டு திருகுகளின் தலை மழுங்கிய பிறகுதான் தெரிந்தது. அதன்பின் பக்கத்து ஊர் மெக்கானிக்கிடம் இம்பாக்ட் டிரைவர் இரவல் வாங்கினேன். கழற்றிய போல்ட்டுகளைப் பழைய இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக அடுக்கினேன். புது பேரிங்குகள் இரண்டு நாள் ஃப்ரீசரில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்தன. எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸைத் துடைத்து, கழித்துப்போட்ட தோசைக்கல் ஒன்றின் மேல் வைத்துச் சூடேற்றினோம். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று உருண்டோட வேண்டும். அந்தப் பதம் வந்துவிட்டதா என்று பார்த்துச் சொன்னது அம்மா. சூட்டில் விரிந்த கேஸுக்குள், குளிரில் சுருங்கிய பேரிங் சுத்தியல் படாமல் தன் எடையிலேயே ‘டொக்’ என்று இறங்கியது. அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு எஞ்சினைப் பிரிக்கலாம் என்று தோன்றியது.

பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க்கையும், பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்துளையான போரையும் மட்டும் வெளியே கொடுக்க வேண்டியிருந்தது. தருமபுரியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். “முதலில் பிஸ்டனைக் கொண்டு வா தம்பி, அதற்குப் பிறகு போரைப் பார்க்கலாம்” என்றார். காரணம் இருக்கிறது. இந்த எஞ்சினின் போர் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மில்லிமீட்டர். அதனால்தான் 98 சிசி. தேய்ந்த சிலிண்டரை அடுத்த அளவுக்குக் குடையும்போது, பெட்டியில் 0.50 (அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ், அதாவது கூடுதல் அளவு) என்று அச்சடித்திருப்பதை நம்பி யாரும் குடைவதில்லை. கையில் இருக்கும் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதைவிட ஒன்றரை தவ் அதிகம் விட்டுக் குடைவார்கள். ஒன்றரை தவ் என்றால் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் நான்கு பங்குக்கும் குறைவு, ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. அந்த இடைவெளியில்தான் இந்த எஞ்சினின் உயிர் இருக்கிறது.

பெரியவர் பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இது ஒரிஜினல்தானா?” கடையில் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன்: “ஒரிஜினல்தான், கம்பெனி சரக்கு.” பெட்டியில் பளபளப்பான ஸ்டிக்கர்கூட இருந்தது. அவர் ஒன்றரை தவ் விட்டுக் குடைந்தார், உள்சுவரை ஹோன் கல்லால் தேய்த்தார், சுவரில் இருக்கும் போர்ட் துளைகளின் கூர்விளிம்பில் பிஸ்டன் ரிங் மாட்டாதபடி வெகுநேரம் கையால் ராவிக் கொடுத்தார். அவர் வேலையில் குற்றமில்லை.

எஞ்சின் இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் 180 கிலோமீட்டர் ஓட்டினேன். சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தொப்பூர்க் கணவாய் ஏறும்போது எஞ்சின் சத்தம் மெல்லக் கம்மியது. வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. அடுத்த நொடி பின்சக்கரம் இறுகிச் சறுக்கியது. கிளட்சைப் பிடித்து ஓரம் ஒதுங்கினேன். பின்னால் ஏறி வந்த லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே என்னை உரசுவதுபோல் கடந்து போனார். தொப்பூர் ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பிரித்துப் பார்த்தோம். பிஸ்டனின் நான்கு பக்கமும் நகத்தால் பிராண்டியதுபோல் கோடுகள். ஒரு ரிங் தன் பள்ளத்தோடு ஒட்டிப்போயிருந்தது. பெரியவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “டூப்ளிகேட் என்று சொல்லியிருந்தால் இன்னும் அரை தவ் விட்டிருப்பேனே தம்பி” என்றார்.

இந்த மடலே அவருடைய அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். நல்ல பிஸ்டனுக்கான அலுமினியத்தில் சிலிக்கானைக் கணிசமாகச் சேர்த்து வார்க்கிறார்கள், சூட்டில் அதிகம் விரியாமல் இருப்பதற்காக. மலிவு வார்ப்பில் அது குறைந்தால் பிஸ்டன் கூடுதலாக விரிகிறது. அசலுக்குப் போதுமான இடைவெளி அதற்குப் போதாது. அப்படியும் கூடுதல் இடைவெளி விட்டு, கொஞ்சம் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டால் அந்தப் பிஸ்டனும் சில வருடம் ஓடும் என்கிறார் பெரியவர். என் எஞ்சினை இறுக்கியது டூப்ளிகேட் பிஸ்டன் என்பதைவிட, அதை ஒரிஜினல் என்று சொன்ன வாய்ச்சொல் என்பதுதான் சரி.

பிஸ்டனோடு அந்தக் கடைக்குப் போனேன். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு கடையோடு முடிகிற விஷயமாக இது இல்லை. “ஓட்டிய பொருளை எப்படி சார் திரும்ப எடுப்பது?” என்று கேட்டுவிட்டுச் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார்கள்: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.’ என்னிடம் இருந்ததோ ‘பி.செட் 1’ (பிஸ்டன் செட் ஒன்று) என்று பென்சிலில் கிறுக்கிய துண்டுச்சீட்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் கொடுக்காமல் விற்பதையே முறையற்ற வணிகம் என்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் வேறு கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே கணக்கில்தான் வருகிறது. உங்கள் பலகை எத்தனை பெரிய எழுத்தில் இருந்தாலும் அந்தச் சட்டத்தை அழித்துவிடாது. வழக்குப் போடும் எண்ணம் எனக்கில்லை. தக்காளிக்கு மருந்தடிக்கவே நேரம் போதவில்லை.

உங்கள் பக்கத்துச் சங்கடமும் தெரியாமல் எழுதவில்லை. 1985இல் வந்த ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996இலேயே நின்றுவிட்டது. இத்தனை வருடம் கழித்து அசல் பொருள் வேண்டும் என்றால் நீங்கள்தான் எங்கே போவீர்கள்? 1984இல் இண்ட்-சுசுகி பைக் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது ஓசூர் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது; 2004இல்தான் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது. சொந்த மாவட்டத்தில் பிறந்த அந்த வண்டிக்கே சின்னச் சின்னச் சாமான்களைத் தேடிப் பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்கு பஸ் ஏறுகிறவர்களை எனக்குத் தெரியும். போதாததற்கு, அசல் விலையைச் சொன்னால் முகம் சுளித்து, பாதி விலைக்குக் கேட்டு, கிடைத்ததும் அதையே ஒரிஜினல் என்று ஊரில் சொல்லிக்கொள்கிற எங்களைப்போன்ற வாடிக்கையாளர்கள் வேறு.

ஆனாலும் நேர்மையாக விற்க முடியும் என்பதைக் கிருஷ்ணகிரியில் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது பிஸ்டனுக்காகப் போன கடை அது. வயதானவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு மூன்று பெட்டிகளைக் கண்ணாடி மேசை மேல் வரிசையாக வைத்தார். “இது கம்பெனி சரக்கு, பழைய ஸ்டாக், ஒன்றுதான் இருக்கிறது. இது வேறு கம்பெனி, பெயர் போட்டு விற்கிறார்கள், நம்பலாம். இது டெல்லி சரக்கு, விலை குறைவு, நான் பொறுப்பில்லை.” அளவு பார்க்கும் வெர்னியரை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் நடுப்பெட்டியை எடுத்தேன். பில்லில் தயாரிப்பாளர் பெயரையும் ஓவர்சைஸ் எண்ணையும் எழுதிக் கொடுத்தார். லேத் பெரியவர் அந்த பில்லைப் பார்த்துத்தான் 0.75 அளவுக்குக் குடைந்தார். இப்போது 600 கிலோமீட்டர் ஓடிவிட்டது.

உங்களிடம் நான் கேட்பது அந்த மூன்று பெட்டிகளைத்தான். டூப்ளிகேட்டை விற்காதீர்கள் என்று சொல்லவில்லை; சொல்லி விற்றுவிடுங்கள். பில்லில் ‘பி.செட்’ என்பதோடு யார் தயாரித்தது என்று இன்னும் இரண்டு சொல் சேர்த்து எழுதினால் ஒரு நிமிடம்கூட ஆகாது. தயாரிப்பாளர் பெயரும் விலையும் அச்சடித்த உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பொருளை மட்டும் நீட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

என் எஞ்சினில் இப்போது, மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் பக்கத்து ஆயில் சீல் லேசாகக் கசிகிறது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்தச் சீல் காற்றை உள்ளே விட்டால் பெட்ரோல் கலவை மெலிந்து, சூடேறி, மறுபடியும் தொப்பூர்க் கதைதான். கிளட்ச் பக்கத்துச் சீலையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். அது போனால் கியர் ஆயிலைக் குடித்துவிட்டு வெள்ளைப் புகையாகத் தள்ளும். வரும் புதன்கிழமை தருமபுரிக்கு வருகிறேன், முதலில் அந்தப் பழைய கடைக்கே போவேன். இரண்டு சீல் வேண்டும். எது யாருடைய தயாரிப்பு என்று பில்லில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பாலக்கோட்டுப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவன்