கூரையை அப்புறம் வரையட்டும்

கோத்தகிரி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊரைப் பற்றியும் கட்டடத்தைப் பற்றியும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று போனில் கேட்டாய். கொத்தனாரிடம் கேட்கவேண்டிய கேள்விதான். போனில் சொல்லித் தீராது.

வீடு வரையச் சொன்னால் பிள்ளைகள் கூரையைத்தான் முதலில் போடுவார்கள். நீ தரையில் தொடங்கு. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்னால் நாங்கள் பார்ப்பது அதைத்தான்.

சென்னையில் எல்லாம் சமதரை என்று நினைப்பார்கள். டியூப் மட்டம் வைத்துக் காட்டு. உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப்பில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பு. குமிழி இருந்தால் மட்டம் தப்பும். மைதானத்தின் இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொரு முனையைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கட்டும். தண்ணீர் ஆடாமல் நின்றதும் இரண்டு பக்கமும் கோடு போட்டு, கோட்டிலிருந்து தரைவரை அளக்கச் சொல். எந்தப் பக்கம் அளவு கூடுதலோ அந்தப் பக்கம் பள்ளம். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள், தானே அளந்த பிள்ளை மறக்காது.

சுவருக்குத் தீப்பெட்டி போதும். ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கி விரலால் தள்ளச் சொல். அப்புறம் கீழே இரண்டு பெட்டி சேருகிற இடத்தின்மேல் ஒரு பெட்டியின் நடு வருகிற மாதிரி அடுக்கித் தள்ளச் சொல். வித்தியாசத்தை அவர்களே சொல்லட்டும்.

நம் ஊர்த் தடுப்புச் சுவர்களின் போட்டோவையும் காட்டு. அந்த ஓட்டைகள் எதற்கு என்று கேள். மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் வெளியேற வழி இல்லாவிட்டால் சுவரையே தள்ளிவிடும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போனார்கள். நீ அப்போது சின்னப் பிள்ளை. ஓடை வழியை அடைத்துக் கட்டச் சொல்லி யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கை வராது. பிள்ளைகளிடம் சாவு எண்ணிக்கையெல்லாம் வேண்டாம், ஓட்டை மட்டும் போதும்.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்கிற அதே கேள்விதான் ஊருக்கும். ஊட்டி ஏரி தானாக வந்ததில்லை. 1820களில் கலெக்டர் சல்லிவன் ஓடைகளை மறித்துக் கட்டியது. பிற்பாடு அது சுருங்கி, ஏரியாக இருந்த இடத்தில்தான் பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் வந்தன. உங்கள் பள்ளிக்கூடம் இருக்கிற இடத்தில் முன்னால் என்ன இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்.

அடுத்தது, சாமான் எங்கிருந்து வந்தது? தோடர் வீட்டுக்கு மூங்கில், பிரம்பு, புல். குளிர் புகாமலிருக்கத் தவழ்ந்து நுழைகிற அளவு சின்ன வாசல். ஊட்டி ஸ்டீபன் சர்ச்சுக்கோ ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து உத்தரம் வந்தது. அந்த வேலை தொடங்கியது 1829-ல். குன்னூருக்கு ரயில் வந்ததே 1899-ல்தான். அவ்வளவு பெரிய மரத்தை இந்த மலைமேல் எப்படி ஏற்றியிருப்பார்கள் என்று பிள்ளைகளே யோசிக்கட்டும், நீ உடனே பதில் சொல்லாதே.

டியூப்பை அங்கேயே ஹார்டுவேர் கடையில் வாங்கிக்கொள். என் பழைய தூக்குக்குண்டைப் பார்சலில் அனுப்புகிறேன், வகுப்புச் சுவர் நேராக இருக்கிறதா என்று பிள்ளைகள் பார்க்கட்டும். குண்டு கனம், கால்மேல் விழாமல் நீ பக்கத்திலேயே நில்.

அன்புடன்,
அப்பா