பத்துக்கு நாலு வாங்கிய பள்ளி

சான் ஹோசே, கலிபோர்னியா
டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். "இவ்வளவு தூரம் போயும் பிள்ளையை அரசுப் பள்ளியிலா போட்டிருக்கிறார்கள், அதுவும் பத்துக்கு நாலு வாங்கிய பள்ளியில்?" என்று மாமா கேட்டதாகச் சொன்னாய். மாமா மேல் எனக்கு வருத்தமில்லை. வந்த புதிதில் எங்களுக்கும் அதே பயம்தான்.

இங்கே பெரும்பாலும் வீட்டு முகவரிதான் பள்ளியைத் தீர்மானிக்கிறது. வீட்டு விளம்பரத்திலேயே வாடகைக்குப் பக்கத்தில் அந்தப் பகுதிப் பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை என்று போட்டிருப்பார்கள். ஒன்பது, பத்து வாங்கிய பகுதிகளில் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் இந்தப் பள்ளி. இரண்டு வருஷம் போன பிறகு, வேறு பள்ளியில் இடம் கிடைத்தாலும் நிலாவை மாற்ற எனக்கு மனம் வராது. ஏன் என்று நீயும் ஆசிரியைதானே, உனக்குச் சொன்னால் புரியும்.

சேர்க்கும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். பிள்ளை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் அதிகம் பேசுவது எது, நீங்கள் பிள்ளையிடம் பேசுவது எது, வீட்டுப் பெரியவர்கள் பேசுவது எது என்று நாலே கேள்வி. "எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆங்கிலம் கற்போர் பட்டியலில் போட்டுவிடுவார்கள்" என்று தெரிந்தவர்கள் பலர் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நாலுக்கும் தமிழ் என்றே எழுதினேன். நிலா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அக்கா. அவள் எதிரில் பொய் எழுதக் கை வரவில்லை.

சொன்ன மாதிரியே 30 நாளுக்குள் அவளுக்குக் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நாலிலும் தேர்வு வைத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். அன்று இரவு நான் அழுதேன். இப்போது நினைத்தால் அந்தப் பட்டியல்தான் அவளைக் காப்பாற்றியது. பட்டியலில் இருக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தைத் தனியாக நேரம் ஒதுக்கிச் சொல்லித்தர வேண்டும் என்பது சட்டம். அது சும்மா வந்ததில்லை. இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோவில், ஆங்கிலம் தெரியாத சுமார் 1,800 சீனப் பிள்ளைகள் எந்த உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போனது. எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துவிட்டால் மட்டும் சமமாக நடத்தியதாகிவிடாது என்று 1974-ல் தீர்ப்பு வந்தது. லாவ் வழக்கு என்று பெயர். என் பிள்ளை அந்தப் பெற்றோரின் பலனைத்தான் அனுபவிக்கிறாள்.

நிலாவின் வகுப்பில் ஸ்பானிஷ், வியட்நாமியம், மாண்டரின், டகாலொக், பஞ்சாபி, தமிழ் என்று வீட்டுக்கு ஒரு மொழி. வியட்நாமுக்கு வெளியே வியட்நாமியர் மிக அதிகமாக வாழும் நகரம் இதுதான் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. பள்ளி வாசலில் அவர்களுடைய குறிக்கோளை எழுதி மாட்டியிருக்கிறார்கள்: எந்த மொழி பேசும் வீட்டுப் பிள்ளையானாலும் இங்கிருந்து போகும்போது நன்றாக வாசிக்க, யோசிக்க, அடுத்தவரோடு சேர்ந்து வாழத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். முதலில் இதை நான் நம்பவில்லை. சுவரில் யாரும் எதையும் எழுதலாம்.

சரி, அந்தப் பத்துக்கு நாலுக்கு வருகிறேன். பெரும்பாலும் தேர்வு முடிவை வைத்துத்தான் அதைப் போடுகிறார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு வசந்த காலத்திலும் மாநிலத் தேர்வு உண்டு. ஆங்கிலமும் கணக்கும், கணினியில்தான். பிள்ளை சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தப்பாகச் சொன்னால் எளிதாகும். முடிவு நாலு நிலைகளில் வரும். மேல் இரண்டு நிலைதான் தேர்ச்சி. 2024-ல் மாநிலம் முழுக்கவே ஆங்கிலத்தில் நூற்றுக்கு 47 பேர், கணக்கில் 36 பேருக்கும் குறைவு. மாமாவிடம் இதைச் சொல்.

எங்கள் பள்ளி அதற்கும் கொஞ்சம் கீழேதான். அதை மறைக்க மாட்டேன். ஆனால் முடிவுகளைப் பிரித்துப் பிரித்து வெளியிடுகிறார்கள்: வறிய வீட்டுப் பிள்ளைகள், மாற்றுத்திறன் பிள்ளைகள், ஆங்கிலம் கற்போர், ஒவ்வொரு இனத்தவர் என்று தனித்தனியாக. அதைப் பொறுமையாகப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஆங்கிலம் நன்றாக வந்துவிட்ட பிள்ளையைக் "கற்போர்" வரிசையிலிருந்து எடுத்துத் தனி வரிசையில் போடுகிறார்கள். தேறியவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், புதிதாக வந்தவர்கள் சேர்ந்துகொண்டே இருப்பார்கள். அப்படியானால் அந்த வரிசை என்றைக்கு உயரும்? தேறி வெளியே வந்தவர்களின் வரிசையைப் பார், தொடக்கப் பள்ளி வகுப்புகளில் அவர்கள் பிறந்ததிலிருந்து ஆங்கிலமே பேசும் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்கிறார்கள். ஒரே எண்ணாக்கி நாலு என்று போட்டால் இதெல்லாம் எங்கே தெரியும்?

இந்த அக்டோபரில் நிலாவும் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டாள். ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் வைத்துக்கொண்டு, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். பெற்றோரைக் கலந்துகொள்ளாமல் பிள்ளையை வெளியே எடுக்கக் கூடாதாம்.

அப்புறம், ஒரு பள்ளியில் 21 பிள்ளைகளோ அதற்கு மேலோ ஆங்கிலம் கற்போராக இருந்தால் அவர்களுடைய பெற்றோருக்கென்று ஒரு குழு இருக்க வேண்டும். நானும் அதில் இருக்கிறேன். 2013-லிருந்து வறிய பிள்ளை, ஆங்கிலம் கற்கும் பிள்ளை, வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் மாநிலம் அடிப்படைத் தொகைக்கு மேல் 20 சதவீதம் தருகிறது. ஒரு பள்ளி மாவட்டத்தில் அவர்கள் 55 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இன்னும் அதிகம். எங்கள் பள்ளிக்கு வரும் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று எங்களிடம் கேட்டார்கள். ஒரு வியட்நாமியப் பாட்டி எழுந்து, "கணினி வேண்டாம், வாசிக்கத் திணறும் பிள்ளைகளோடு உட்கார ஆள் வேண்டும்" என்றார். இந்த வருஷம் அந்த ஆள் வந்துவிட்டார். வாசலில் எழுதியிருந்ததை நான் நம்ப ஆரம்பித்தது அன்றுதான்.

சாப்பாடும் உண்டு. 2022-லிருந்து காலையும் மதியமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். யார் வீட்டில் பணம் இல்லை என்று சாப்பாட்டு வரிசையைப் பார்த்துச் சொல்ல முடியாது. நம் சத்துணவைப் பற்றி ஆசிரியையிடம் சொன்னேன், 1982-லிருந்தா என்று வியந்துபோனார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். மாநிலம் ஒவ்வொரு பள்ளியையும் பல விஷயங்களில் நிறம் போட்டுக் காட்டுகிறது. நீலம் மேலே, சிவப்பு கீழே. எங்கள் பள்ளி ஆங்கிலத்தில் மஞ்சள், வருகையில் சிவப்பு. பள்ளி நாட்கள் 180. அதில் பத்தில் ஒரு பங்கு வராத பிள்ளையை, காரணம் எதுவானாலும், தொடர்ந்து வராதவர் கணக்கில் சேர்க்கிறார்கள். போன வருஷம் தம்பி கல்யாணத்துக்கு வந்து, அம்மா சொன்னாளே என்று பொங்கல் முடிந்து திரும்பினோம் இல்லையா, அதில் விடுமுறை போக 14 பள்ளி நாள் போயிற்று. காய்ச்சலில் ஐந்து நாள். மொத்தம் 19. அந்தச் சிவப்பில் நிலாவும் ஒருத்தி, அக்கா. பள்ளியைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நானே அதற்குக் காரணமாக இருந்ததை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

அதனால் இந்தப் பொங்கலுக்கு வர முடியாது. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. ஜூன் இரண்டாம் வாரம் பள்ளி முடிகிறது, அந்த வாரமே கிளம்பிவிடுவோம். அப்போது உன் பள்ளி திறந்திருக்குமே, நிலாவை ஒரு நாள் உன் வகுப்பில் உட்கார வைக்க முடியுமா? தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
உன் தங்கை