டாக்டர் முத்துலட்சுமியின் காகிதங்கள் எழும்பூருக்கும் வரட்டும்

தமிழ்நாடு ஆவணக் காப்பக ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். கிராம சுகாதார செவிலியராக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். எங்கள் மண்ணில் பிறந்த ஒரு மருத்துவரின் காகிதங்களுக்காக இந்த மடலை எழுதுகிறேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு எத்தனை கர்ப்பிணிகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒருநாள் ஒரு பெண், "இந்த அம்மா யார், பழைய மந்திரியா?" என்று கேட்டாள். டாக்டர் என்றேன். "எந்த ஆஸ்பத்திரியில் இருந்தார்?" எழும்பூர் என்று சொல்லிவிட்டேன். அங்கே எப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்தார், என்ன வைத்தியம் செய்தார் என்று அவள் அடுத்துக் கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். நல்லவேளை, அவள் முறை வந்துவிட்டது.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சட்டமன்ற உறுப்பினர் முத்துலட்சுமியை நமக்குத் தெரியும். 1927-ல் சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்து துணைத் தலைவரானார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் தேவதாசி வழக்கத்தை எதிர்த்துப் பேசினார். காந்தி கைதானதும் 1930-ல் பதவியை உதறினார். மேடைக்கு மேடை சொல்லப்படுகிற கதைதான். டாக்டர் முத்துலட்சுமியோ பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட ஒரு சொல்லாக நின்றுவிட்டார்.

அந்த இடத்தைப் புகழுரை நிரப்பிவிடுகிறது. அவர் பிறந்த நாளான ஜூலை 30 வந்தால் போதும், "இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்" என்று சுவரொட்டி ஒட்டிவிடுகிறார்கள். அவர் பிறந்த 1886-ஆம் ஆண்டிலேயே ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்பியாவில் பட்டம் வாங்கிவிட்டார். கல்கத்தாவில் காதம்பினி கங்குலி தேறியதும் அதே ஆண்டுதான். சென்னை மருத்துவக் கல்லூரியோ 1875-லேயே மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்ணையும் அவருடன் வந்த வேறு சில பெண்களையும் சேர்த்துக்கொண்டது. முத்துலட்சுமி அங்கே சேர்ந்தது 1907-ல், பட்டம் பெற்றது 1912-ல். பொட்டுக்கட்டும் மரபில் வந்த தாய்க்கு மகளாகப் பிறந்து, புதுக்கோட்டையில் ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் இடம் வாங்கி, அங்கிருந்து மருத்துவப் பட்டம் வரை போனவர் அவர். பொய்யான "முதல்" ஒன்றை அவர் தலையில் சூட்டினால் இந்த நிஜம்தான் மறைந்துபோகிறது.

அவரது காகிதங்கள் புதுதில்லி தீன்மூர்த்தி நூலகத்தில் இருக்கின்றன. நேரு நினைவு நூலகம் என்று இருந்து, 2023-ல் பிரதமர்கள் அருங்காட்சியகம் மற்றும் நூலகம் என்று பெயர் மாறிய இடம். கடிதங்கள், உரைகள், கோப்புகள் எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கின்றன. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் தேவதாசி ஒழிப்பைப் பற்றித் தமிழில் ஆராய நினைக்கும் ஒரு கல்லூரி மாணவி தில்லிக்கு ரயில் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது. தங்கும் செலவு வேறு.

காகிதத்தைத் தூக்கி இங்கே கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. தில்லியோடு ஒப்பந்தம் செய்து, முழுத் தொகுப்பையும் ஸ்கேன் எடுத்து ஒரு பிரதியை எழும்பூரில் உள்ள உங்கள் காப்பகத்தில் வையுங்கள். அந்தக் கால அரசாணைகளும் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளும் உங்களிடமே இருக்கின்றன. அவர் எழுதிய கடிதமும் அதற்கு அரசு போட்ட ஆணையும் ஒரே மேசையில் அருகருகே கிடந்தால்தான் விவகாரம் முழுதாகத் தெரியும். எதிர்த்தரப்பையும் விட்டுவிடக் கூடாது. பொட்டுக்கட்டுவதை ஒழிக்க அவர் கொண்டுவந்த மசோதாவை எதிர்த்துத் தேவதாசிப் பெண்களே சங்கம் கூடி அரசுக்கு மனு கொடுத்தார்கள். முத்துலட்சுமியின் பக்கம்தான் நான். இருந்தாலும் அந்த மனுக்களைப் படிக்காமல் அவர் எதனோடு மோதினார் என்று எப்படிப் புரியும்? சட்டம் வர 1947 வரை ஆயிற்று என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு வேலை உங்கள் வாசலிலேயே இருக்கிறது. பட்டம் பெற்றதும் அவர் ஹவுஸ் சர்ஜனாக இருந்த மகப்பேறு மருத்துவமனை எழும்பூரில்தான் இருந்தது. அக்காலப் பிரசவப் பதிவேடுகளில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று அந்த மருத்துவமனையோடும் மருத்துவக் கல்லூரியோடும் சேர்ந்து தேடச் சொல்லுங்கள். பதிவேடு எழுதியே கை தேய்ந்தவள் என்பதால் சொல்கிறேன்: எத்தனையாவது பிரசவம், இதற்கு முன் எத்தனை குழந்தை தங்கவில்லை, தாய்க்கு என்ன வயது என்ற மூன்று பத்திகளைப் பார்த்தாலே ஒரு காலம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பால்ய மணத்துக்கு எதிராக அவர் பேசியதன் காரணம் அந்த வயதுப் பத்தியில் கிடக்கலாம். கிடைத்தால் நோயாளிகளின் பெயரை மறைத்து வெளியிடுங்கள். நூறு வருடம் ஆனாலும் அது அவர்கள் ரகசியம்.

புற்றுநோய் பற்றிய காகிதங்களுக்கு முதலிடம் கொடுங்கள். 1923-ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். 1935-ல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் தனிப் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று கேட்டார். அடையாற்றில் அது 12 படுக்கைகளோடு திறந்தது 1954-ல், அவருக்கு 68 வயது ஆகவிருந்தபோது. இடைப்பட்ட 19 ஆண்டுகளில் யார் யாருக்கு எழுதினார், யார் என்ன சொல்லித் தட்டிக்கழித்தார்கள்? இதைப் படிக்கத்தான் எனக்கு ஆசை அதிகம். சுகாதாரத் துறையில் ஒரு குளிர்பதனப் பெட்டிக்காக நான் எழுதிய கடிதங்களே ஒரு கட்டு தேறும்.

பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும் இவற்றைத் தமிழாக்கவும் தட்டச்சு செய்யவும் ஆள் பலம் போதாது என்பீர்கள். ஓய்வு பெற்ற செவிலியர்களும் ஆசிரியர்களும் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். பழைய டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் பழகிய கண்கள் எங்களுடையவை. நாள் குறித்து ஒரு வரி எழுதினால், நாலைந்து பேரோடு புறப்பட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
புதுக்கோட்டை மாவட்டம்