வாடை எழும்பும் முன் கம்பம் எழும்ப வேண்டும்: ஹாம் வானொலிக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம். நாங்கள் மண்டபம் ஹாம் வானொலிக் குழு; உரிமம் பெற்று, காசு வாங்காமல், வானொலிக் கருவியில் ஒருவரோடொருவர் பேசுபவர்கள்.

செப்டம்பர் 30-க்குள் ரூ.1,28,000 சேர வேண்டும். தவறினால், முன்பணம் கொடுத்துச் சென்னையில் நிறுத்தி வைத்திருக்கும் ரிப்பீட்டர் (குரலை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் வானொலிக் கருவி) கைமாறிப் போகும். ஐப்பசி மழைக்கு இந்த ஆண்டும் வெறுங்கையோடுதான் நிற்போம்.

1964 டிசம்பர் 22 இரவைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலைக் கடல் வாரிக்கொண்டது. பாம்பன் பாலம் சிதைந்தது. தீவில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று அக்கரைக்குச் சொல்ல வழியில்லை. அந்த இரவைக் கடந்து வந்த குடும்பங்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. 2004 சுனாமியின்போது, ஹாம் வானொலித் தொடர்புக்காகப் போர்ட் பிளேர் போயிருந்த ஹாம் வானொலிக்காரர் பாரதி பிரசாத், தொலைபேசி செத்துக் கிடந்த அந்தமானிலிருந்து நிலப்பரப்புக்குச் செய்தி சேர்த்தார். இறைவன் அவரை அந்த நேரத்தில் அங்கே வைத்திருந்தான் என்றே நம்புகிறோம்.

நம்மிடம் உள்ள கையடக்கக் கருவிகள் 5 வாட். தரையில் நின்று பேசினால் சில கிலோமீட்டரில் குரல் அடங்கிவிடும். மண்டபத்தில் உயரமாக ஒரு ரிப்பீட்டர் நின்றால், வந்த குரலை வாங்கி, அலைவரிசையில் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி மறுபடி அனுப்பும். ஊரில் மின்சாரம் போனாலும் ராமேஸ்வரமும் உச்சிப்புளியும் பேசிக்கொள்ளலாம். இது கரைக்கும் கரைக்கும்தான். கடலில் உள்ள படகுகளின் அவசர அழைப்புக்கு, கடல் வானொலியின் 16-ஆம் சேனல் தனியாக இருக்கிறது.

சென்ற கார்த்திகையில் பழைய ஆன்டெனாவின் கேபிள் முனையைப் பிரித்தோம். உப்புக் காற்றில் பித்தளை முழுதும் பச்சைக்களிம்பு. விரல் பட்டதும் உதிர்ந்தது. மழை கொட்டிய ஓர் இரவில் பாம்பன் குரல் எங்களுக்கு எட்டாமல் போனதற்கு அதுதான் காரணம்.

ரிப்பீட்டர் ரூ.1,85,000. கம்பமும் இடிதாங்கியும் ரூ.45,000. பேட்டரி, சூரியத் தகடு ரூ.78,000. ஆன்டெனா, கேபிள் ரூ.32,000. மொத்தம் ரூ.3,40,000, கையில் இருப்பது ரூ.2,12,000. உழைப்புக்கு ஒரு ரூபாய்கூட இதில் இல்லை. ஹாம் வானொலியில் காசு சம்பாதிக்கச் சட்டத்திலேயே இடமில்லை.

இதுவரை கொடுத்தவர்களை எப்படி மறப்போம்! ஒரு நாள் மீன்பாட்டை அப்படியே தந்த தங்கச்சிமடம் நாட்டுப்படகுக்காரர்கள், ஜும்ஆ முடிந்து துண்டேந்திய கீழக்கரை இளைஞர்கள், பங்கு மக்களிடம் எடுத்துச் சொன்ன பாம்பன் அருட்தந்தை, கருவாடு விற்ற காசில் நூறு ரூபாயை முந்தானையிலிருந்து அவிழ்த்துத் தந்த அக்கா: உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. கம்பத்துக்கு இடம் தந்தவர் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மற்றவர்களிடம் ஒன்று சொல்லத்தான் வேண்டும். திருவிழாச் சீரியல் விளக்குக்கு ஒரே இரவில் வசூல் சேர்த்த ஊர் இது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளே, புயல்கூண்டு ஏறியதும் அம்மாவின் கைபேசிக்கு நூறு முறை அழைப்பவர்கள் நீங்கள்தான். அந்த அழைப்பு போகாத இரவுக்காகத்தான் கேட்கிறோம்.

குழு உறுப்பினர் யாரிடமும் கொடுக்கலாம். ரசீது கேட்டு வாங்குங்கள். பணம் சேர்ந்த மறுவாரமே கம்பம் நடுவோம். தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும், அதற்கும் வாருங்கள்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள், மண்டபம்