பலூன் பெட்டியைத் தேடிச் செல்வது குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறைக்கு முன் கொடுத்தனுப்பிய ஒப்புதல் படிவங்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. கருவிப் பெட்டி கட்டிய பலூன் ஒன்றை வானில் விட்டு, பெட்டி விழும் இடத்தைத் தேடிப் போய் எடுத்துவரப்போகும் நம் பலூன் குழுவில் ஏழு மாணவர்கள், ஏழு மாணவிகள். மாணவர்களின் படிவம் ஏழிலும் மறுபேச்சில்லாமல் கையெழுத்து இருக்கிறது. மாணவிகளின் படிவங்களில் ஐந்தில், ‘பறக்க விடும்போது இருக்கலாம், தேடிப் போக வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதம் அந்த ஐந்து வீடுகளுக்கானது. ஆனாலும் பதினான்கு வீடுகளுக்கும் அனுப்புகிறேன். பாலக்கோடு சந்தை வரை பரவியிருக்கும் பேச்சு அப்படி.

அந்தப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். பிள்ளைகள் யாரும் பலூனில் ஏறப்போவதில்லை. நாங்கள் விடுவது செயற்கைக்கோளும் இல்லை. சென்னை மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் வானிலைத் துறையினர் நாள்தோறும் பறக்கவிடுகிறார்களே, அந்த வகை ரப்பர் பலூன். அதன் கீழே ஒரு பாராசூட், அதற்கும் கீழே ஒரு தெர்மாகோல் பெட்டி. பெட்டிக்குள் வெப்பநிலையும் காற்றழுத்தமும் அளக்கும் கருவிகள், சின்னக் கேமரா ஒன்று, ஜிபிஎஸ், அது சொல்லும் இடத்தைக் கீழே அனுப்பும் வானொலிக் கருவி. எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பலூனில் நிரப்பப்போவது ஹீலியம். ஹைட்ரஜன் விலை குறைவு, ஆனால் தீப்பற்றும். அது பள்ளி வாசலைத் தாண்டாது என்று சொல்லிவிட்டேன். ஹீலியத்துக்கான செலவை முன்னாள் மாணவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பலூனுக்கென்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால் என்னிடம் சொல்லுங்கள்.

பலூன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மீட்டர் ஏறும். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் 30 கிலோமீட்டர் உயரத்தைத் தொடவேண்டும் என்பது கணக்கு. அங்கே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குதான். வெளி அழுத்தம் குறையக் குறைய பலூன் பருத்துக்கொண்டே போகும். கிளம்பும்போது ஆள் உயரம் இருப்பது கடைசியில் ஒரு வகுப்பறை அகலத்துக்கு வந்து வெடிக்கும். பாராசூட் விரிந்து பெட்டி இறங்கும். அந்தப் பாராசூட்டைத் தைத்தது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார். முதலில் தைத்ததை நம் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து போட்டுப் பார்த்தோம். நேராகப் புளியமரத்தில் போய் மாட்டிக்கொண்டது. இரண்டாவது நன்றாக இறங்குகிறது.

போகிற வழியில் குளிர் கடுமையானது. நம் பகுதிக்கு மேலே 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 80 டிகிரியை நெருங்கும். ஐஸ்கிரீம் கடை அண்ணாச்சி தம் குளிர்பெட்டியில் ஓர் இரவு முழுவதும் நம் பெட்டியை வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். அந்தக் குளிருக்கே சாதாரண பேட்டரிகள் சோர்ந்துபோயின. இப்போது லித்தியம் பேட்டரி.

அந்த உயரத்தைத் தாண்டினால் வெப்பநிலை மறுபடி ஏறத் தொடங்கும் என்று பாடத்தில் இருக்கிறது. ஓசோன் சூரியனின் புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்வதால் அப்படி. ஓர் உயரத்துக்கு மேல் வெப்பநிலை குறைவது நின்றுவிடுகிறது என்று 1902இல் உலகுக்குச் சொன்னவர் டெய்சரன் டி போர் என்ற பிரெஞ்சுக்காரர். ஆளில்லாத பலூன்களை நூற்றுக்கணக்கில் விட்டுப் பார்த்தவர். கருவியில் வெயில் பட்டுத்தான் தவறாகக் காட்டுகிறதோ என்று தம் அளவையே சந்தேகப்பட்டு, இரவிலும் விட்டுச் சரிபார்த்தார். நம் பிள்ளைகளுக்கு இரவில் அனுமதி கிடையாது. வெப்பமானிக்கு வெள்ளைக் காகிதத்தில் ஒரு குடை செய்து மாட்டியிருக்கிறார்கள்.

‘ஜூன் மாதமே விட்டிருக்கலாமே’ என்று சில தந்தையர் கேட்டீர்கள். விட்டிருந்தால் பெட்டியைக் கர்நாடகத்தில் தேட வேண்டியிருந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தரையருகே காற்று மேற்கிலிருந்து அடித்தாலும், பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு நேர் எதிராக, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் ஒரு கீழைக்காற்று ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம் 1958இல் அதை விளக்கி எழுதினார். இந்தப் பருவத்தில் அது இல்லை. கீழ்மட்டக் காற்று பெட்டியை மேற்கே தள்ளும், மேல்மட்டக் காற்று பெரும்பாலும் கிழக்கே திருப்பிக் கொண்டுவரும்.

இரண்டையும் கூட்டிக் கழித்து, பெட்டி எங்கே விழும் என்று மூன்று வாரமாக நாள்தோறும் கணித்துவருபவர்கள் பதினோராம் வகுப்பு மாணவியர் இருவர். குழு முதலில் வாங்கிய ஜிபிஎஸ் 18 கிலோமீட்டருக்கு மேல் வாயை மூடிக்கொள்ளும் என்று கண்டுபிடித்ததும் அவர்களில் ஒருத்திதான். ஏவுகணையில் பயன்படுத்திவிடக் கூடாது என்று அப்படிச் செய்து விற்கிறார்களாம். நான் இருபத்தாறு ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவள். எனக்கு இது தெரியாது. இப்போது உயரத்திலும் இயங்கும்படி அமைப்பை மாற்றக்கூடிய வேறொன்றை வாங்கியிருக்கிறோம். அந்த இரண்டு பேரின் படிவத்திலும் ‘தேடிப் போக வேண்டாம்’ என்றிருக்கிறது. கணக்குப் போட்டவள் பள்ளியில் உட்கார்ந்திருக்க, விடை சரியா என்று பையன்கள் போய்ப் பார்த்துவர வேண்டுமா?

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பஞ்சப்பள்ளியைத் தாண்டினால் மேலகிரி மலை, காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம், யானை. ஆகவே ஏற்பாட்டைச் சொல்கிறேன். இரண்டு வேன்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஆசிரியர்கள், அவர்களில் ஒருவர் ஆசிரியை. மாணவிகளின் வேனில் நானும் இருப்பேன். காப்புக்காட்டு எல்லைக்குள் ஆணோ பெண்ணோ ஒரு பிள்ளையும் கால் வைக்காது. பெட்டி அங்கே விழுந்தால் வனத்துறையிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவோம், கிடைத்தால் கிடைக்கட்டும். முந்தைய நாள் கணக்கு காட்டைக் காட்டினால் பலூனே விடமாட்டோம். மாலை ஐந்து மணிக்குள் எல்லோரும் பள்ளியில். தாய்மார் யாராவது உடன் வர விரும்பினால் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.

ஓமலூர்ப் பக்கம் சேலம் விமான நிலையம், வடக்கே பெங்களூரு. நடுவில் நாம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி எழுத்தில் கைக்கு வரும்வரை கயிற்றை அவிழ்க்கப்போவதில்லை. இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை ஏழு மணி என்று வைத்திருக்கிறோம், தள்ளிப்போனால் சொல்லியனுப்புவேன். பன்னிரண்டாம் வகுப்பினர் வேடிக்கை பார்க்க வரலாம், வேனில் ஏற முடியாது. அவர்களுக்குத் தேர்வு இருக்கிறது.

பெட்டி யாருடைய தக்காளித் தோட்டத்திலாவது விழலாம். மேலே ஒட்ட ஓர் அறிவிப்பைப் பிள்ளைகள் எழுதினார்கள். முதல் வரி, ‘இது வெடிகுண்டு அல்ல.’ அதைப் படித்தபின் யார் பெட்டியைத் தொடுவார்கள்? அடித்துவிட்டு, ‘இது பள்ளிப் பிள்ளைகளின் பெட்டி, தயவுசெய்து எங்களைக் கூப்பிடுங்கள்’ என்று மாற்றச் சொன்னேன். தமிழும் தெலுங்கும் தயார். கன்னடத்தில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் திங்கட்கிழமைக்குள் பள்ளிக்கு ஒரு நடை வாருங்கள்.

புதிய படிவம் இதனுடன் இருக்கிறது. மறுத்து எழுதுவதாக இருந்தாலும் எழுதுங்கள், ஆனால் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்துசேர வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை,
அரசு மேல்நிலைப் பள்ளி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.