அவன் சிலேட்டை ஏன் எறிகிறான்?

செட்டிநாட்டுப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் தாளாளர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்துப் பள்ளிகளுக்குப் பல வருடமாகப் பஸ்ஸில் போய்வரும், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியர் நான். எந்தப் பள்ளிக்குள் நுழைந்தாலும் பெரும்பாலும் முதலில் காதில் விழுவது, "டீச்சர், அவனை எப்படியாவது உட்கார வைங்க" என்பதுதான். அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

ஒரு பையன். இரண்டாம் வகுப்பு, ஆட்டிசம், பேச்சு மிகக் குறைவு. பள்ளி நடப்பது பழைய நகரத்தார் வீடு ஒன்றில். எழுதச் சொன்னால் சிலேட்டை எறிவான். ஒரு தடவை பக்கத்துப் பிள்ளையின் நெற்றியில் பட்டு வீங்கிவிட்டது. எறிந்தால் தண்டனை, வகுப்புக்கு வெளியே, பட்டாலை என்ற கூடத்தில் தனியாக உட்கார வேண்டும். அங்கே ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, குளுகுளுவென்று இருக்கும். சத்தம் கிடையாது. கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு, கல்லில் உள்ள பூவின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருப்பான்.

வகுப்பாசிரியையும் நானும் ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று கட்டம் போட்டோம். எறிவதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. இரண்டு வாரம் எழுதினோம். முதல் கட்டத்தில் திரும்பத் திரும்ப எழுத்து வேலை. கடைசிக் கட்டத்தில் எப்போதும் பட்டாலை. சிலேட்டை எறிந்தால் எழுத வேண்டாம் என்று நாங்கள்தான் அவனுக்குத் தினமும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். விரலைப் பிடித்துப் பார்த்தேன். பல்பத்தை அழுத்தி எழுத அதில் வலுவே இல்லை. 'கை வலிக்குது, போதும்' என்று சொல்ல வாயில் வார்த்தையும் இல்லை. சிலேட்டுதான் அவனுடைய பேச்சு.

ஒரு மஞ்சள் அட்டையைக் கொடுத்தோம். அதை நீட்டினால் இரண்டு நிமிடம் பட்டாலைக்குப் போகலாம், யாரும் திட்ட மாட்டார்கள். "கேட்டதும் விட்டால் எப்படிப் படிப்பான்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முதல் சில நாள் எழுத உட்கார்ந்த உடனே நீட்டினான், ஒவ்வொரு தடவையும் அனுப்பினோம். அட்டை செல்லும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் காத்திருக்கப் பழகினான். எழுத்தையும் சிலேட்டிலிருந்து மணல் தட்டுக்கு மாற்றினோம். எறிவது அடியோடு நின்றது என்று சொல்ல மாட்டேன், ஊர்த் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டிய வாரம் திரும்ப வந்தது. ஆனால் இன்று அவன் 'அ' போடுகிறான், மணலில், முழுசாக.

இது நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இருவர் 1985-இலேயே இதை ஆய்வாக வெளியிட்டார்கள். பிள்ளை கஷ்டமான வேலையிலிருந்து தப்பிக்கவோ, கவனத்தை இழுக்கவோ முரண்டு செய்கிறதா என்று கண்டுபிடித்து, அதே தேவையைக் கேட்டு வாங்கும் வழியைச் சொல்லிக்கொடுத்தால் முரண்டு குறைகிறது என்றார்கள்.

நடத்தைப் பகுப்பாய்வு என்ற இந்தத் துறைக்கு வேறொரு முகமும் உண்டு. அதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை. உளவியலாளர் இவார் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட பேர்பெற்ற ஆய்வில், 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரப் பயிற்சி. அதில் உரக்க அதட்டுவதும், தேவைப்பட்டால் தொடையில் அடிப்பதும் சேர்த்தி. அப்படிப்பட்ட பயிற்சியில் வளர்ந்த ஆட்டிசம் உள்ளவர்கள் பலர், பெரியவர்களான பிறகு, அது தங்களை எப்படிக் காயப்படுத்தியது என்று பேசியிருக்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் ஒரு பெண்குழந்தையின் தாடையைப் பிடித்து "என்னைப் பார்" என்று திருப்பியிருக்கிறேன். அவள் பார்த்தாள், கண்ணில் தண்ணீரோடு. அதை அன்று முன்னேற்றம் என்று பதிவேட்டில் எழுதினேன். இன்று பிள்ளை முகத்தைத் திருப்பினாலே, 'வேண்டாம்' என்கிறது என்று எடுத்துக்கொண்டு வேலையை நிறுத்துகிறேன்.

சரி, இதை உங்களுக்கு ஏன் எழுத வேண்டும்? அந்த நோட்டை எழுத வகுப்பாசிரியைக்கு நேரம் கொடுத்தவர் தலைமையாசிரியர் என்பதால்தான். வேறொரு பள்ளியில், கையில் கடி வாங்கிய ஆசிரியையை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, "ஒரு பிள்ளையைச் சமாளிக்கத் தெரியாதா?" என்று கேட்டதைப் பார்த்தேன். மறுநாள் அவர் அந்தப் பிள்ளையின் பக்கமே போகவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவமானப்பட்ட ஆசிரியரிடமிருந்து பிள்ளைக்கு எந்தப் பொறுமை கிடைக்கும்? முதலில் அவர் கையைக் கழுவி மருந்து போடுங்கள், ஒரு டீ குடிக்கச் சொல்லுங்கள், அந்தப் பத்து நிமிடம் வகுப்பில் நீங்கள் நில்லுங்கள். அப்புறம் என்ன நடந்தது என்று கேளுங்கள். அம்மாவுக்குப் போன் போட்டு "வந்து கூட்டிட்டுப் போங்க" என்பது கடைசி வழியாக இருக்கட்டும். வேப்பமரத்தடியில் நாள் முழுக்கக் காத்திருக்கும் அம்மாக்களை உங்களுக்கே தெரியும்.

சட்டமும் இந்தப் பக்கம்தான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியை மட்டுமல்ல, மனத்துன்பம் தருவதையும் தடை செய்கிறது. 1995 சட்டத்தில் ஏழாக இருந்த ஊனங்களின் பட்டியல் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 ஆனபோது ஆட்டிசமும் அதில் இடம்பெற்றது.

கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் கல்விக்காக அள்ளிக்கொடுத்த மண் இது. அவர் பேரில் உள்ள பல்கலைக்கழகத்திலேயே சிறப்புக் கல்வி சொல்லித்தருகிறார்கள். படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது தொகுப்பூதியமும் ஊர் ஊராக அலைச்சலும்தான். தாளாளர்களே, கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, உங்கள் பள்ளியிலேயே ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை முதல் மணி அடித்த பிறகு ஒரு சுற்று நடந்து வாருங்கள். வகுப்புக்கு வெளியே எந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் பார்த்து வையுங்கள். நாற்பது பக்க நோட்டை நான் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து ஊர்ச் சிறப்பாசிரியர்